மெத்தைக்கடை கேட்

முதலியார்பேட்டையிலிருந்து டவுனுக்குள் போகிற ஜனங்களுக்கு அது மெத்தைக்கடை கேட். ரயில்வேயில் அதற்கு ஒரு நம்பர் உண்டு என்பது அங்கே நின்று திட்டுகிறவர்களுக்குத் தெரியாது. தண்டவாளத்தை ஒட்டித் தெருவோரத்தில் ஷஹாபுதீன் பாயின் பஞ்சு மெத்தைக் கடை. அதற்கு எதிர்த்தாற்போல் ஒரு சின்ன அறை, வாசலில் கேட்டை இறக்கி ஏற்றும் இரும்புச் சக்கரம், உள்ளே சுவரில் ஒரு டெலிபோன். அந்த அறைதான் அஞ்சலாட்சியின் உத்தியோகம்.

அவள் அந்த வேலையைத் தேடிப் போனவள் இல்லை. புருஷன் பலராமன் இதே லைனில் கேங்மேனாக இருந்தான். வில்லியனூருக்கு மேற்கே தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டும் போல்ட்டு முடுக்கிக்கொண்டும் நடக்கிற வேலை. ஒரு சித்திரை வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜல்லிமேட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது மகள் ஹேமலதா ஆறாம் வகுப்பு. அதுவரைக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்குப் புருஷன் வேலைக்குப் பதிலாக கேட் கீப்பர் வேலை கொடுத்தார்கள். ஊரில் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவளோ முதல் மாதம் முழுக்க, டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தாள்.

பன்னிரண்டு மணி நேர டியூட்டி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மாற்று ஆள் பக்கிரி, கடலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் வந்து சேர்ந்த பிறகு டவுன் பஸ் பிடித்து, வில்லியனூரில் இறங்கி, ஊருக்கு நடந்து, உலை வைத்து, துணி அலசி, படுத்தால் கண் மூடுவதற்குள் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். ராத்திரி டியூட்டி வாரத்தில் பகலில் தூக்கம் வராது. வெயில், ஈ, பக்கத்து வீட்டு ரேடியோ. தூக்கம் வராமல் படுத்திருப்பதே ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.

அப்போது ஓடியது சின்ன லைன் வண்டி, மீட்டர் கேஜ். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நாளைக்கு ஒரு சில தடவை போய் வரும். வளவனூர்க்காரர்கள் காய்கறிக் கூடையோடு வருவார்கள். மில்லுக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் போட்ட பாதை. அந்த நாளில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களின் மூட்டைகளைச் சுங்கக்காரன் பிரித்துக் கொட்டுவானாம், தலையணையைக்கூடக் குத்திப் பார்ப்பானாம். ஷஹாபுதீன் பாயின் தகப்பனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். பாய் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவர் அதிகம் சிரிக்கிறவர் இல்லை. தாடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, நாள் முழுக்கக் குனிந்து மெத்தை தைக்கிற மனுஷர்.

சிரிப்பெல்லாம் அவர் பெண்சாதி ஷாஜாதியிடம் இருந்தது. கனத்த சரீரம், தணிந்த குரல், மூச்சிழுப்பு நோய். பஞ்சு தூசி ஆகாது என்று கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கடையும் வீடும் ஒன்று, தூசிக்குப் பயந்து எங்கே போவது? அஞ்சலாட்சி வேலைக்கு வந்த இரண்டாம் நாளே, எதிர்ப்பக்கத்திலிருந்து கையசைத்து, சாப்பிட்டாயா என்று சாடையில் கேட்டவள் அவள்தான்.

வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒரு தப்பு நடந்தது. வண்டிக்காகச் சாத்திய கேட்டில் ஒரு கல்யாண வேன் வந்து நின்றது. முகூர்த்த நேரம் தவறிவிடும் என்று பெண்ணைப் பெற்றவர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி தூரத்தில்தானே இருக்கிறது என்று அஞ்சலாட்சி சக்கரத்தைச் சுற்றி கேட்டின் குறுக்கு மரத்தைத் தூக்கினாள். வேன் போய்விட்டது. ஆனால் அதன் பின்னாலேயே சைக்கிள், ஸ்கூட்டர், கட்டை வண்டி என்று ரோடே உள்ளே நுழைந்துவிட்டது. சாத்தவே முடியவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் ஓடினாள். டிரைவர் ஊதிக்கொண்டே வந்து வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார். அதைவிட, அன்று ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிள் சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு நின்ற நிலை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒருத்தருக்குத் திறந்தால் ஊருக்கே திறந்த மாதிரி என்று அன்று புரிந்துகொண்டாள்.

அதற்குச் சில வருஷம் கழித்து, லைனைப் பெரிய லைனாக மாற்றப் போகிறோம் என்று வண்டிகளை நிறுத்தினார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பலராமன் முடுக்கிய போல்ட்டெல்லாம் துருப்பிடித்த குவியலாக லாரியில் ஏறிப் போயின. அஞ்சலாட்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

வண்டி இல்லாத அந்தக் காலம்தான் அவள் கொஞ்சம் மூச்சு விட்டது. கேட்டுப் பக்கம் அடுக்கியிருந்த சிமெண்டுக் கட்டைகளுக்கும் இரும்புச் சாமான்களுக்கும் காவல் இருக்கச் சொன்னார்கள். மத்தியான நேரங்களில் மெத்தைக் கடையின் நிழலில் ஷாஜாதியோடு உட்கார்ந்து தலையணை உறைக்கு விளிம்பு தைத்துக் கொடுப்பாள். புருஷன் செத்ததை, மாமியார் வீட்டில் பேசியதை, ஹேமலதாவுக்குக் கணக்கு வராததை எல்லாம் அங்கேதான் சொன்னாள். ஷாஜாதி பதில் என்று பெரிதாகச் சொல்ல மாட்டாள். உம் கொட்டுவாள். சில நாள் அஞ்சலாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே மெத்தைக் குவியலில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவாள். ஷாஜாதி அவளை எழுப்பாமல், சாமான் பக்கம் யாராவது போகிறார்களா என்று தானே பார்த்துக்கொள்வாள்.

பெரிய லைன் வந்தது. மாலை போட்ட எஞ்சினைப் பார்க்கத் தெருவே கூடியது. அந்தக் கூட்டம் அடுத்த மாதமே கேட்டைச் சபித்தது. வண்டி ஓடாத நாட்களில் ஜனங்கள் கேட் என்று ஒன்று இருந்ததையே மறந்திருந்தார்கள். ரோட்டில் மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது. வண்டியும் நீளம், எண்ணிக்கையும் கூட. சரக்கு வண்டி வந்தால் கடைசிப் பெட்டி போவதற்குள் பாதிப் பேர் பைக்கைச் சாய்த்து மரத்துக்குக் கீழே நுழைந்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் அவள் சாதியையும் தாலியையும் இழுத்துப் பேசினார்கள். முதலில் வலித்தது. பிறகு மழைச்சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற நேரம், விடாத தூறல். வில்லியனூரிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்து கேட்டைச் சாத்தியிருந்தாள். வண்டி வந்தது. ஆனால் கேட்டுக்கு முன்னாலேயே சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது. எஞ்சினின் முகம் மழையில் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆரன் சத்தம் காதைப் பிய்த்தது. அப்போதுதான் பாயின் மகன் அய்மான் நனைந்துகொண்டே ஓடி வந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோ மாட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே அம்மா, விடியற்காலையிலிருந்து இழுப்பு, மருந்து கேட்கவில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றான்.

"அக்கா, வண்டிதான் நிக்குதே. எங்க ஆட்டோ ஒண்ண மட்டும் உட்டுட்டு சாத்திக்குங்க."

அஞ்சலாட்சி டெலிபோனைச் சுற்றினாள். திறக்கலாமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் கேஸ் என்றாள். இதோ சிக்னல் போடப் போகிறேன், திறந்துவிடாதே என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த 'இதோ' நீண்டது. மறுபடி சுற்றினாள். லைன் கிடைக்கவில்லை.

வெளியே பார்த்தாள். மரத்தை ஒட்டி நூறு பேராவது முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு முழம் தூக்கினால் போதும், அத்தனை பேரும் உள்ளே. சிக்னல் எந்த நொடியும் விழும்.

"ஆட்டோ வேணாம் தம்பி. தூக்கிட்டு வாங்க. கீழ குனிஞ்சு அந்தப் பக்கம் கொண்டாந்துட்டா வேற ஆட்டோ புடிச்சிக்கலாம். ஓடு," என்றாள்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அய்மான் ஓடினான். ஆனால் ஷாஜாதி லேசான உடம்பு இல்லை. பஸ்ஸுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இடையே வழி பிரித்து, தகப்பனும் மகனும் ஆட்டோ டிரைவருமாக அவளைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எஞ்சின் ஊதியது. சக்கரங்கள் அசைந்தன.

அய்மான் நிற்கவில்லை. மரத்துக்குக் கீழே குனிந்துவிட்டான். அஞ்சலாட்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். சிவப்புக் கொடி ஒரு கையில் இருந்தது. அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவன் அவளை என்னவோ சொன்னான். அவள் நகரவில்லை.

வண்டி வந்துவிட்டது. நீளமான வண்டி, இன்னும் வேகம் எடுக்காத வண்டி. பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. ஷாஜாதியை நிற்க வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கை நீட்டி அஞ்சலாட்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கண் அஞ்சலாட்சியின் முகத்தைவிட்டு நகரவில்லை. உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள். அஞ்சலாட்சி காதைக் கிட்டே கொண்டு போனாள். கடைசிப் பெட்டி கடந்ததும் அவளே சக்கரத்தைச் சுற்ற ஓட வேண்டியிருந்தது. அந்தப் பிடியை அவள்தான் விடுவித்தாள்.

அன்று சாயங்காலம் ஷாஜாதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அந்தச் சில நிமிஷம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தெரு மட்டும் சொன்னது. கேட்காரிதான் கொன்றுவிட்டாள் என்றது. டீக்கடையில் அவளுக்குக் கிளாஸை நீட்டாமல் மேடையில் வைத்தார்கள். ரயில்வேயிலிருந்து வந்து விசாரித்தார்கள். விதிப்படி நடந்திருக்கிறாய், உன் மேல் தவறில்லை என்றார்கள். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வரவில்லை. தவறு என்று சொல்லியிருந்தால், தண்டனையை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் படுத்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனாள். வாசலில் அய்மான் நின்றான். "போயிடுங்க அக்கா," என்று மட்டும் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. உள்ளே ஷஹாபுதீன் பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

வேறு கேட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. தினமும் அதே கடைக்கு எதிரே அதே சக்கரத்தைச் சுற்றினாள். பாய் கடை திறப்பார், குனிந்து தைப்பார், சாத்துவார். இந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். கேட் சாத்தியிருக்கும்போது அவர் எங்காவது போக வேண்டியிருந்தால், மற்றவர்களைப் போல நுழைய மாட்டார். மரத்தின் ஓரமாக வந்து நின்று, வண்டி போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திட்டுகிறவர்களுக்கு நடுவில் அவர் ஒருத்தர் பேசாமல் நிற்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அய்மான் துபாய்க்கு வேலைக்குப் போனான். பாய் தனி ஆளானார்.

பிறகு சிக்கன்குன்யா வருஷம் வந்தது. ஊரே மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு நொண்டியது. கருவடிக்குப்பத்தில் தெருத்தெருவாகப் படுத்திருக்கிறார்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிகளில் பாய் விரிக்க இடமில்லை. பக்கிரி விழுந்தார். அவருக்குப் பதில் வந்தவரும் விழுந்தார். அஞ்சலாட்சி டியூட்டிக்கு மேல் டியூட்டியாகப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் வந்தது. காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது, வலி இறங்கவில்லை. விரல் கணுவெல்லாம் வீங்கி, சோற்றை அள்ளி வாயில் வைக்க முடியவில்லை. ஹேமலதா, அப்போது காலேஜில் முதல் வருஷம், தலை பின்னிவிட்டு, புடவை கட்டிவிட்டு அனுப்புவாள். போகாதே அம்மா என்றாள். மாற்ற ஆள் இல்லை என்று அஞ்சலாட்சி சொன்னாள்.

அன்று மத்தியானம் போன் வந்தது. வண்டி வில்லியனூரை விட்டுவிட்டது. அஞ்சலாட்சி வெளியே வந்து சக்கரத்தைப் பிடித்தாள். விரல் மடங்கவில்லை. முழங்கையை மாட்டித் தள்ளினாள். சக்கரம் பாதி சுற்றில் நின்றுவிட்டது. மரம் அந்தரத்தில் தொங்கியது. அதன் கீழே ஜனங்கள் அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று கத்தினாள். குரலும் சரியாக எழவில்லை. சிலர் அவளைப் பார்த்தார்கள். குடித்திருக்கிறாளா என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

எதிர்ப்பக்கம் ஷஹாபுதீன் பாய் எழுந்தார். அவருக்கும் அதே நோய். ஒரு காலை இழுத்து இழுத்து ரோட்டின் நடுவே வந்து நின்றார். இரண்டு கையையும் தூக்கினார். ஒரு லாரி அவர் முன்னால் பிரேக் போட்டது. அதற்குப் பின்னால் எல்லாம் நின்றது. பிறகு அவர் சக்கரத்தண்டை வந்து, அவளுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தார். அவர் மணிக்கட்டால் தள்ள, அவள் முழங்கையால் தள்ள, இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தை இறக்கினார்கள். அவள் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். வண்டி போயிற்று. மறுபடி இருவருமாகச் சுற்றித் திறந்தார்கள்.

அவர் திரும்பிப் போகவில்லை. அறை வாசற்படியில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அது தணிந்ததும் பாய் பேசினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கி அவ ஒன் கையப் புடிச்சிக்கினு என்ன சொன்னா?"

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம். அவர் நம்புவார். அய்மானைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லலாம். உங்கள் பெயரைச் சொன்னாள் என்று சொல்லலாம். அஞ்சலாட்சிக்கு அதற்கும் தெம்பு இல்லை.

"கேக்கல பாய். காத வச்சிதான் பாத்தேன். வண்டி சத்தத்துல ஒரு வார்த்தகூட வெளங்கல. அத நெனச்சிதான் எனக்கும் தூக்கமில்ல."

அவர் தன் வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவளத் தாங்கிக்கினுதான் நின்னேன். எனக்கும் கேக்கல. ஒனக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "நீ கேட்ட தொறக்கலன்னு எனக்குக் கோவம்னு ஊரு நெனச்சிது. நீயும் அப்படித்தான் நெனச்சிருப்ப. அது இல்லம்மா. முப்பது வருசம் எங்கூட இருந்தவ, கடைசில ஒன்னப் பாத்துதான் பேசினா. அதான் என்னால ஒன் மொகத்தப் பாக்க முடியல."

அஞ்சலாட்சி அழுதாள். சத்தம் போடாமல், கண்ணைத் துடைக்கக் கை தூக்க முடியாமல், அப்படியே அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடை திறந்து கிடந்தது. யாரோ வந்து தலையணை விலை கேட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த போன் வரும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த வண்டிக்கும் சேர்ந்தே சுற்றினார்கள்.

பக்கிரி தேறி வரும்வரை பாய் வந்து கைகொடுத்தார். வெளியாள் சக்கரத்தைத் தொடக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். நிறையப் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஷாஜாதியைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை வரும், நின்றுவிடும். ஒரு நாள் அய்மான் துபாயிலிருந்து கடைக்குப் போன் பண்ணியபோது, பாய் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, அக்காவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டதாகச் சொன்னார். அவன் கேட்டானா, இவராகச் சொன்னாரா என்று அவள் யோசிக்கவில்லை.

அவள் எழுதிக் கொடுத்து மறந்தே போயிருந்த மாற்றல் அடுத்த வருஷம் தை கழிந்து வந்தது. வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு கேட். ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தாள். பாயிடம் சொன்னாள்.

"போம்மா. இங்க இருந்து என்ன பண்ணப் போற? ஒடம்பப் பாத்துக்க," என்றார் அவர். அவள் கிளம்பிய அன்று கடையில் ஆள் இருந்தது. ஊசியைப் பிடித்தபடியே தலையை ஆட்டினார்.

புதிய கேட்டில் மாட்டு வண்டியும் டிராக்டரும்தான். மரத்தை இறக்கினால் யாரும் ஆரன் அடிப்பதில்லை, டிராக்டர்க்காரன் இறங்கிப் பீடி பற்ற வைப்பான். முதல் வாரம் அந்த அமைதி அவளுக்குப் பழகவில்லை. மரத்தை இறக்கிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருப்பாள். கை வலி மட்டும் முழுசாகப் போகவில்லை. மழை வரப்போகிற நாட்களில் கணுக்கள் முன்கூட்டியே சொல்லும்.

முதல் பகல் டியூட்டி வாரம் முடிந்த மறுநாள் விடுப்பு. காலையில் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் ஒரு புடவையை விரித்து, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று படுத்தாள். சாயங்காலம் ஹேமலதா காலேஜ் விட்டு வந்தபோது அம்மா அதே நிலையில் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பயந்துபோய்க் குனிந்து மூச்சைப் பார்த்தாள். நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது. தட்டி எழுப்பக் கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். இருட்டியும் விளக்கைப் போடாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலண்டை உட்கார்ந்திருந்தாள்.